பழுப்பு நிறத்தின் சாட்சியம்



ஒரே ஒரு புரதம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஆய்வகக் குளிர்பெட்டியில் நாம் வைத்திருக்கும் ஒரு குப்பி எதிர்ப்பொருள். இந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். புரதத்தின் பெயர் எஸ்ட்ரோஜன் ஏற்பி. எதிர்ப்பொருள் என்று நான் சொல்வதை மருத்துவமனையில் ஆன்டிபாடி என்பார்கள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த ஒரு பெண்ணின் பயாப்சி அறிக்கையில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ அல்லது ‘ஈஆர் நெகட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஈஆர் இந்தப் புரதம்தான். அடுத்த ஐந்து வருடமோ பத்து வருடமோ அவர் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த வரிதான் முடிவு செய்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. அந்த வரியைத் தங்கள் வீட்டுக் கோப்பில் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும்.

அந்த வரி எப்படி எழுதப்படுகிறது? கண்ணாடி ஸ்லைடின் மேல் புற்றுச் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரிகிறதா, எத்தனை செல்களில் தெரிகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிறார்கள். பழுப்பு நிறம் ஒரு சாட்சி. சாட்சி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது வேறு, குறுக்கு விசாரணை செய்து எழுதிக்கொள்வது வேறு. குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டதால் நேர்ந்த இரண்டு பெரிய தவறுகளை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று கனடாவில், நோயாளிகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது. மற்றது உலகம் முழுவதும் ஆய்வகங்களில், இருபது வருட அறிவியலோடு சம்பந்தப்பட்டது.

முதலில் புரதத்தைத் தெரிந்துகொள்வோம். எஸ்ட்ரோஜன் ஏற்பி 595 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதற்கான மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் மிதந்து வந்து செல்லுக்குள் நுழைந்து, இந்தப் புரதத்தின் ஒரு குழிவில் போய் உட்காருகிறது. உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கும் பகுதியில் துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. அவைதான் அந்தப் பகுதியின் மடிப்பைக் குலையாமல் வைத்திருக்கின்றன. பிறகு வேறு புரதங்கள் வந்து கூட, அருகிலுள்ள மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றில் பல, செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள். அதாவது இது மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதம். பருவமடைதலிலும் கர்ப்பத்திலும் மார்பகம் வளர்வதற்குக் காரணமான இதே புரதம், புற்றுச் செல்லில் இருக்கும்போது புற்று வளரவும் காரணமாகிறது. மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த ஏற்பியைக் கொண்டவை.

டமாக்ஸிஃபன் என்ற மாத்திரை ஹார்மோன் உட்கார வேண்டிய அதே குழிவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் மார்பகச் செல்லில் மரபணுக்களைத் தூண்ட விடாது. ஏற்பி உள்ள புற்றுக்கு அறுவைக்குப் பின் ஐந்து வருடம் இதைச் சாப்பிட்டால், முதல் பதினைந்து வருடங்களில் மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை குறைந்த, பழைய மருந்து. ஏற்பி இல்லாத புற்றுக்கு இதனால் பயன் இல்லை. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இத்தனை எடை ஏன் என்பது இப்போது புரியும்.

இந்தப் புரதம் இருக்கிறது என்றே 1950களின் நடுவில் யாருக்கும் தெரியாது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற அறுவை மருத்துவர், சினைப்பையை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்று சுருங்குகிறது என்று 1896இலேயே எழுதிவிட்டார். சிலருக்கு மட்டும் ஏன், மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்பது அறுபது வருடம் புதிராகவே இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்ஸன் அந்தப் புதிரை அணுகிய விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அந்தக் காலத்தில் எல்லோரும், திசு ஹார்மோனை என்ன செய்கிறது, எந்த நொதி அதை எப்படி மாற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜென்ஸன் இளமையில் சுவிட்சர்லாந்தில் படித்தபோது மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியவர். எட்வர்ட் விம்பர் அந்தச் சிகரத்தில் எல்லோரும் முயன்ற பக்கத்தை விட்டு வேறு பக்கமாக ஏறி 1865இல் வெற்றி பெற்ற கதையை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். அதேபோல இவரும் பக்கம் மாறினார். ஹார்மோனை யாரும் எதுவும் செய்யாமலிருந்தால், அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்ப்போமே என்று கேட்டார்.

அவரும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியத்தைச் சேர்த்து எஸ்ட்ராடையாலைத் தயாரித்தார்கள். மிகச் சிறிய அளவில் எலிக்குள் செலுத்தினார்கள். எல்லாத் திசுக்களுக்கும் ஹார்மோன் போயிற்று. மற்ற திசுக்கள் அதை விட்டுவிட்டன. கருப்பை மட்டும் விடவில்லை. அதுவும் எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே பிடித்து வைத்திருந்தது. பிடித்து வைக்கும் ஒன்று அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் ஏற்பி. பின்னாளில் இதே முறையால் அவர், புற்றில் ஏற்பி உள்ள பெண்களுக்குத்தான் சுரப்பிகளை அகற்றும் அறுவையால் பலன் என்று காட்டினார். பலன் தராத அறுவையிலிருந்து எத்தனையோ பெண்கள் தப்பினார்கள்.

ஆனால் அந்தச் சோதனைக்குப் புற்றுக் கட்டியிலிருந்து கணிசமான துண்டு வேண்டும். வெட்டியவுடன் உறைய வைக்க வேண்டும். அரைத்துக் கரைசலாக்கிக் கதிரியக்க ஹார்மோனோடு கலந்து அளக்க வேண்டும். அரைத்துவிட்டால், ஏற்பி புற்றுச் செல்லில் இருந்ததா, பக்கத்திலிருந்த நல்ல செல்லில் இருந்ததா என்று பிரித்தறிய முடியாது. பார்த்துச் சொல்லக்கூடிய முறை வேண்டியிருந்தது. அதற்குத்தான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று இங்கே பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயல் பொருள் உடலுக்குள் வந்தால் நம் நோய்த்தடுப்பு மண்டலம் அதைப் பற்றிக்கொள்ளும் ஒய் வடிவப் புரதங்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் முழுப் பொருளையும் பிடிப்பதில்லை, அதன் மேலுள்ள ஒரு சிறு பகுதியைத்தான் பிடிக்கும். பெரும்பாலும் சில அமினோ அமிலங்கள் அளவே. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். காப்புரிமை எடுக்கவில்லை. 1984இல் நோபல் பரிசு வந்தது.

அந்த வழியைப் பின்பற்றி ஜாஃப்ரி கிரீன், ஜென்ஸனோடு சேர்ந்து, மனித எஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு ஒற்றை வகை எதிர்ப்பொருள்களை 1980இல் வெளியிட்டார். அதற்கு வேண்டிய மனித ஏற்பி எம்சிஎஃப்-7 என்ற செல்களிலிருந்து கிடைத்தது. மிச்சிகனில் மார்பகப் புற்றால் வாடிய ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சு நீரிலிருந்து 1970இல் எடுத்து வளர்த்த செல்கள் அவை. இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. எஸ்ட்ரோஜன் பற்றி நாம் அறிந்தவற்றில் எவ்வளவு பங்கு அந்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அந்த எதிர்ப்பொருள் கையில் வந்ததும் முதலில் யாருடைய கருத்தை அசைத்தது தெரியுமா? ஜென்ஸனுடையதைத்தான். ஹார்மோன் வருவதற்கு முன் ஏற்பி உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது, ஹார்மோன் வந்து ஒட்டியதும் உட்கருவுக்குள் போகிறது என்று அவர் 1968இல் முன்வைத்த கருத்து எல்லாப் பாடப்புத்தகங்களிலும் ஏறியிருந்தது. 1984இல் வில்லியம் கிங்கும் கிரீனும் எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பார்த்தார்கள். ஹார்மோன் இல்லாத செல்லிலும் ஏற்பி உட்கருவுக்குள்தான் இருந்தது. வேறொரு குழு வேறொரு முறையில், செல்லிலிருந்து உட்கருவைத் தனியே பிரித்துப் பார்த்து அதே முடிவுக்கு வந்தது. செல்லை அரைக்கும்போது ஏற்பி உட்கருவிலிருந்து கசிந்து கரைசலுக்கு வந்ததைத்தான் அதுவரை சைட்டோபிளாசத்தில் இருப்பதாக நினைத்திருந்தார்கள். இரண்டு வழிகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை, ஒரே விடையைத் தந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு அது தேவைப்படும்.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். அறுவைக் கூடத்திலிருந்து வரும் திசுவை ஃபார்மலினில் ஊற வைக்கிறார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னி, திசு அழுகாமல் நிறுத்துகிறது. பிறகு நீரை அகற்றி, பாரஃபின் மெழுகில் பதித்து, மெழுகுக் கட்டியாக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு தடிமனில் சீவியெடுத்து ஸ்லைடில் ஒட்டுகிறார்கள். ஃபார்மலின் போட்ட பின்னலில் ஏற்பியின் முகம் மறைந்து கிடக்கும். அதைத் திறக்க, ஸ்லைடைக் குறிப்பிட்ட கரைசலில் இட்டுக் கொதி நிலையில் வைக்க வேண்டும். 1991இல் ஷான்-ரோங் ஷி என்பவரும் தோழர்களும் மைக்ரோவேவ் அடுப்பில் செய்து காட்டிய முறை இது. பிறகு எதிர்ப்பொருள், அதன் மேல் இரண்டாவது எதிர்ப்பொருள், அதோடு பிணைந்த பெராக்ஸிடேஸ் நொதி, கடைசியில் டாப் என்ற வேதிப்பொருள். நொதி இருக்கும் இடத்தில் அது பழுப்பாகப் படிகிறது. ஏற்பி இல்லாத உட்கருக்கள் ஹிமடாக்ஸிலின் சாயத்தில் நீலமாகத் தெரியும்.

இந்தப் படிகளில் பலவற்றில் எது பிசகினாலும் விளைவு ஒன்றுதான்: பழுப்பு வராது. திசு ஃபார்மலினுக்கு வரத் தாமதமானாலும் வராது. பெரிய மார்பகத் திசுவைக் கீறாமல் முழுதாகப் போட்டு, ஃபார்மலின் உள்ளே இறங்காமல் போனாலும் வராது. கொதிக்க வைத்த நேரம் போதாவிட்டாலும் வராது. எதிர்ப்பொருளை அளவுக்கு மீறி நீர்த்தாலும் வராது. ஏற்பியே இல்லாவிட்டாலும் வராது. கடைசிக் காரணம் ஒன்றுதான் நோயாளியைப் பற்றியது. மற்ற எல்லாமே நம்மைப் பற்றியவை. ஆனால் ஸ்லைடைப் பார்க்கும்போது எல்லாம் ஒரே மாதிரி நீலமாகத்தான் இருக்கும்.

இதுதான் கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் மாகாணத்தில் நடந்தது. 1997இலிருந்து 2005 வரை அந்த மாகாணத்தின் ஏற்பிச் சோதனைகள் செயின்ட் ஜான்ஸ் நகரின் ஒரே ஆய்வகத்தில் செய்யப்பட்டன. 2005இல் ஒரு புற்றுநோய் மருத்துவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவருடைய நோயாளி ஒருவருக்கு லோபுலர் வகை மார்பகப் புற்று. அந்த வகையில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஈஆர் பாசிட்டிவாக இருக்கும். இவருக்கோ நெகட்டிவ் என்று பழைய அறிக்கை. மீண்டும் சோதிக்கச் சொன்னார். ஆய்வகத்துக்குப் புதிய தானியங்கி இயந்திரம் வந்திருந்தது. முடிவு பாசிட்டிவ். வேறு சில பழைய நெகட்டிவ்களையும் எடுத்துப் பார்த்தார்கள்; அவையும் மாறின.

அதன் பிறகு நெகட்டிவ் என்று சொல்லப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் திசுக்களை டொரன்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அனுப்பி மறுபடி சோதித்தார்கள். ஏறத்தாழ நானூறு பேரின் முடிவு தவறு என்று தெரிந்தது. நானூறு பெண்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மாத்திரை தங்களுக்கு இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை நடப்பதற்குள் இறந்துவிட்டார்கள். மாத்திரை கிடைத்திருந்தால் இவர்களில் இன்னார் பிழைத்திருப்பார் என்று ஒருவரையும் சுட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தாருக்கு அதுவே பெரிய வேதனை.

பொதுமக்களுக்குச் செய்தி முதலில் பத்திரிகை வழியாகத்தான் வந்தது. தவறுகளின் உண்மையான எண்ணிக்கை 2007இல் நீதிமன்ற ஆவணத்தில்தான் வெளிப்பட்டது. அந்த ஆண்டே மாகாண அரசு நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 2009இல் அறிக்கை வந்தது. ஆய்வகத்தில் தரக் கட்டுப்பாடு இல்லை, பயிற்சி போதவில்லை, மேற்பார்வை இல்லை, ஒருவர் போய் ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் அறிக்கை அது. நோயியல் படிக்கும் மாணவர்கள் அதைப் பாடமாகவே படிக்க வேண்டும் என்பேன்.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒன்று. எதிர்ப்பொருள் அங்கே குற்றவாளி அல்ல. சரியான எதிர்ப்பொருள்தான். அதைச் சுற்றியிருந்த கைகளும் கண்களும்தான் தவறின. தவறு நடந்துகொண்டிருப்பதை அந்த ஸ்லைடுகளிலேயே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. எப்படி?

மார்பகத் திசுவில் புற்றுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நல்ல பால் நாளங்களும் இருக்கும். அந்த நாளங்களின் செல்கள் சிலவற்றில் எஸ்ட்ரோஜன் ஏற்பி இயல்பாகவே உண்டு. ஸ்லைடில் புற்று நீலமாக இருந்து, நல்ல நாளத்தில் ஆங்காங்கே பழுப்பு இருந்தால், சோதனை வேலை செய்திருக்கிறது, புற்றில் உண்மையிலேயே ஏற்பி இல்லை. நல்ல நாளமும் முழுக்க நீலமாக இருந்தால், அந்த ஸ்லைடு எதையுமே சொல்லவில்லை. அதை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. மறுபடி செய்ய வேண்டும். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், கூடுதல் செலவு இல்லை. ஸ்லைடை இன்னும் அரை நிமிடம் நகர்த்திப் பார்த்தால் போதும். சாட்சியை விசாரிப்பது என்று நான் சொன்னது இதைத்தான். செயின்ட் ஜான்ஸில், கட்டுப்பாட்டுச் செல்கள் எனப்படும் இந்த நல்ல செல்களைப் பார்க்கும் பழக்கம் ஒழுங்காக இல்லை என்பது விசாரணையில் தெரிய வந்த உண்மைகளில் ஒன்று.

அதன் விளைவாகவும் மற்ற நாடுகளின் அனுபவத்தாலும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோயியல் மருத்துவர் கல்லூரியும் 2010இல் விதிமுறைகளை வெளியிட்டன. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். நூற்றுக்கு ஒரு செல்லில் பழுப்பு இருந்தாலும் பாசிட்டிவ். 2020இல் ஒன்று முதல் பத்து சதவீதம் வரை உள்ளவற்றைக் ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியே குறிக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். இந்திய மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஈஆர் நெகட்டிவ் புற்றுகளின் பங்கு மேலை நாடுகளைவிட அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. நம் பெண்களுக்கு இளம் வயதிலேயே நோய் வருவது போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் திசு கையாளப்பட்ட விதமும் ஒரு காரணம் என்று நம் நோயியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சிறு ஊரில் அறுவை நடக்கிறது. திசுவை ஒரு டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுக்கிறார்கள். அவர் பேருந்தில் நகரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார். அந்த டப்பாவில் போதுமான ஃபார்மலின் இருந்ததா, திசுவைக் கீறி வைத்தார்களா, எத்தனை மணிக்கு உள்ளே போட்டார்கள் என்று அறிக்கையில் இருக்காது. ஆய்வகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பேருந்தில் அழிந்துபோன புரதத்தை எந்த எதிர்ப்பொருளாலும் காட்ட முடியாது.

இரண்டாவது கதைக்கு வருகிறேன். இங்கே கைகள் ஒழுங்காக வேலை செய்தன. தவறியது எதிர்ப்பொருள்.

1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்டாஃப்ஸனின் ஆய்வகம், எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இன்னொரு எஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டுபிடித்தது. நாம் இதுவரை பேசியதற்கு ஆல்ஃபா என்றும் புதியதற்கு பீட்டா என்றும் பெயர். மனிதரில் பீட்டாவின் மரபணு பதினான்காவது குரோமோசோமில் இருக்கிறது. மிகப் பெரிய கண்டுபிடிப்பு அது. அதில் எந்த ஐயமும் இல்லை. உடனே எல்லோருக்கும் எழுந்த கேள்வி: மார்பகத்தில் பீட்டா இருக்கிறதா? புற்றில் இருக்கிறதா? நிறுவனங்கள் எதிர்ப்பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆய்வாளர்கள் வாங்கினார்கள், சாயமேற்றினார்கள், பழுப்பு தெரிந்தது, கட்டுரைகள் எழுதினார்கள். பீட்டா இருந்தால் நோயாளிக்கு நல்லது என்றது ஒரு கட்டுரை, கெடுதல் என்றது இன்னொன்று, எந்த வேறுபாடும் இல்லை என்றது மூன்றாவது. இப்படியே இருபது வருடம் போயிற்று.

ஸ்டாக்ஹோமில் சிசிலியா வில்லியம்ஸ், பீட்டாவை வைத்தே பல வருடம் உழைத்தவர். அவரும் மனிதப் புரத வரைபடத் திட்டத்தினரும் சேர்ந்து, பீட்டாவுக்கு என்று சொல்லப்பட்ட பதின்மூன்று எதிர்ப்பொருள்களை எடுத்து விசாரித்தார்கள். பீட்டாவை உண்டாக்கும் செல்களையும் உண்டாக்காத செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் பிடித்துக் கொண்டுவந்தது எந்தப் புரதம் என்று நிறை நிறமாலைக் கருவியில் பார்த்தார்கள். எந்தத் திசுவில் பீட்டாவைச் செய்யத் தேவையான ஆர்என்ஏ இருக்கிறது என்ற பட்டியலோடு ஒப்பிட்டார்கள். 2017இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்றில் ஒன்றுதான் தேறியது. பிபிஇஸட்0506 என்பது அதன் பெயர்.

அந்த ஒன்றை வைத்து உடலின் திசுக்களைப் பார்த்தபோது, பீட்டா விந்தகத்தில் இருந்தது, சினைப்பையில் இருந்தது, சில நிணநீர்ச் செல்களில் இருந்தது. மார்பகத்தில் இல்லை, மார்பகப் புற்றிலும் இல்லை. ஆர்என்ஏ பட்டியலும் அதையே சொன்னது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இன்னொரு குழுவும் பரவலாகப் பயன்பட்ட எதிர்ப்பொருள்கள் நம்பத்தக்கவை அல்ல என்று தனியாகக் கண்டு எழுதியது. அப்படியானால் இருபது வருடமாக மார்பகப் புற்று ஸ்லைடுகளில் தெரிந்த பழுப்பு எதைக் காட்டியது? வேறு ஏதோ புரதங்களை. அந்தப் பழுப்பு பொய் அல்ல. ஏதோ ஒன்று இருந்தது என்பது உண்மை. அதன் பெயர்தான் தவறு.

இது ஏன் நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். எதிர்ப்பொருள் பிடிப்பது ஒரு சிறு வடிவத்தை என்று சொன்னேன். ஒரு மனிதச் செல்லில் ஒரே நேரத்தில் சுமார் பத்தாயிரம் வகைப் புரதங்கள் இருக்கின்றன. அந்தச் சிறு வடிவத்துக்கு ஓரளவு ஒத்த வடிவம் வேறெங்கும் இருக்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதோடு எண்ணிக்கையையும் பாருங்கள். மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதங்கள் இயல்பிலேயே அரிதானவை; செல்லின் சட்டகமான ஆக்டின் போன்றவையோ கோடிக்கணக்கில் இருக்கின்றன. எதிர்ப்பொருள் தன் உண்மையான இலக்கை நூறு மடங்கு உறுதியாகப் பிடித்தாலும், தவறான இலக்கு பத்தாயிரம் மடங்கு அதிகமாக இருந்தால், ஸ்லைடில் நாம் பார்க்கும் பழுப்பில் பெரும்பகுதி தவறானதாகவே இருக்கும். ஏராளமாக உள்ள புரதத்தைத் தேடும்போது இந்தச் சிக்கல் குறைவு. அரிதான புரதத்தைத் தேடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனித மனமும் இதில் உடந்தை. பீட்டா உட்கருவில் இருக்க வேண்டிய புரதம். ஸ்லைடில் உட்கரு பழுப்பானதும், சரியான இடத்தில் தெரிகிறதே என்று நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் உட்கருவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. புரதங்களை எடை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எதிர்பார்த்த எடைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை தெரிந்தாலும் அதே கதைதான். எதிர்பார்த்தது கண்ணில் பட்டால் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எதிர்பார்த்தது தெரியும்போதுதான் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள் என்பதே.

கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது ஒழுங்குபட்டிருக்கின்றன. 2016இல் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு ஐந்து வழிகளை வகுத்தது. அவற்றில் மிக வலுவானது எது என்று கேட்டால், மரபணுவை நீக்கிப் பார்ப்பதைத்தான் சொல்வேன். கிறிஸ்பர் முறையால் அந்தப் புரதத்தின் மரபணுவை ஒரு செல்லிலிருந்து வெட்டியெடுத்துவிடலாம். அதன் பிறகும் எதிர்ப்பொருள் அந்தச் செல்லில் எதையாவது காட்டினால், அது காட்டுவது நம் புரதத்தை அல்ல. இதைவிட நேரான விசாரணை வேறு கிடையாது. மற்ற வழிகளில், எதிர்ப்பொருளையே பயன்படுத்தாத வேறொரு முறையோடு ஒப்பிடுவதும் ஒன்று. 1984இல் உட்கரு விவாதம் தீர்ந்தது அப்படித்தானே.

மான்ட்ரியலைச் சேர்ந்த கார்ல் லஃப்லாமும் தோழர்களும் ஒய்காரோஸ் என்ற முயற்சியில், 65 புரதங்களுக்கான 614 விற்பனை எதிர்ப்பொருள்களை இப்படி மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். இதில் எனக்கு நம்பிக்கை தருவது, விற்கும் நிறுவனங்களே அந்த முயற்சியில் சேர்ந்து எதிர்ப்பொருள்களைக் கொடுத்தன, தேறாதவற்றில் சிலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டன என்பது. வரிசை அறிந்து செல்லில் உற்பத்தி செய்யப்படும் மறுகூட்டு எதிர்ப்பொருள்கள் மற்றவற்றைவிட நன்றாகச் செயல்பட்டதும் அதில் தெரிந்தது. முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் அந்த முயலோடு தீர்ந்துவிடும். வரிசை தெரிந்தால் என்றும் அதையே செய்யலாம்.

இதில் பணமும் இருக்கிறது. ஆன்ட்ரூ பிராட்பரியும் ஆன்ட்ரியாஸ் பிளூக்துனும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் ஒப்பத்தோடு 2015இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இவ்வகைப் பொருள்களுக்கு உலகம் ஆண்டுக்கு 160 கோடி டாலர் செலவிடுகிறது, அதில் பாதி வீண் என்பது அவர்கள் கணிப்பு. நம் பல்கலைக்கழகங்களில் ஒரு ஆராய்ச்சி மாணவர் நூறு மைக்ரோலிட்டர் குப்பிக்கு முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் கேட்டு விண்ணப்பம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறார். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைச் சந்தேகிக்க மனம் வராது. அது இயல்புதான். ஆனாலும் வாங்குவதற்கு முன், மரபணு நீக்கிய செல்லில் இதைச் சோதித்தீர்களா, படத்தைக் காட்டுங்கள் என்று விற்பவரிடம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கொடுக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியாக, ஆய்வகத்தோடு தொடர்பில்லாதவர்களுக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்று என்று தெரிந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம், திசு எத்தனை மணிக்குள் ஃபார்மலினுக்குப் போகும் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அறிக்கையில் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் இருந்தால் எத்தனை சதவீதம் செல்கள், எவ்வளவு அடர்த்தி, கட்டுப்பாட்டுச் செல்கள் பழுப்பாயினவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நோயின் தன்மைக்கும் அறிக்கைக்கும் பொருந்தவில்லை என்று மருத்துவர் நினைத்தால் இன்னொரு ஆய்வகத்தில் பார்க்கலாம். மெழுகுக் கட்டிகளை மருத்துவமனைகள் வருடக்கணக்கில் பாதுகாத்து வைத்திருக்கும். நியூஃபவுண்ட்லாந்தில் எட்டு வருடத்துத் தவறுகளைத் திரும்பப் பார்க்க முடிந்ததே அந்தக் கட்டிகள் அலமாரியில் இருந்ததால்தான். கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டுப் பெற்று வேறிடத்தில் காட்ட ஒரு கடிதம் எழுதினால் போதும். அதைப் பெரும்பாலும் நோயியல் துறை அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும்.